பெட்டி போடறது ஈஸி, அம்புக்குறி தான் வேலை: என் ஃபிரேம்வொர்க்கைக் கட்டின கதை

பிஎச்டி சேர்ந்து டைட்டில் ஓகே ஆனதும் அடுத்து வர்ற தலைவலி கான்செப்சுவல் ஃபிரேம்வொர்க், அதாவது நம்ம ஆய்வுல எது எதோட எப்படி சேருதுன்னு பெட்டியும் அம்புக்குறியுமா காட்டற படம். டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்ல உக்காந்த உடனே "ஃபிரேம்வொர்க் எங்கம்மா?"ன்னு தான் ஆரம்பிப்பாங்க. என் டாபிக், கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்துல மீன் எடுத்து விக்கிற பெண்கள் மீன்பிடித் தடைக்காலத்துல கடனை எப்படி ஓட்டறாங்கங்கறது. முழுக்க குவாலிட்டேட்டிவ், உக்காந்து பேசி கேட்டு எழுதறது தான், சர்வே கிடையாது. இதுக்கு நான் எப்படி ஃபிரேம்வொர்க் கட்டினேன், எங்க எதைக் கழட்டி எங்க மாட்டினேன்னு இங்க எழுதி வெக்கிறேன். தேடினா டெஃபனிஷன் மலையா கொட்டுது, செஞ்சு காட்டினது தான் கிடைக்க மாட்டேங்குது.

மொதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துடலாம். தியரிட்டிக்கல் ஃபிரேம்வொர்க்கும் கான்செப்சுவல் ஃபிரேம்வொர்க்கும் ஒண்ணா வேறயான்னு ரெண்டு புரொஃபசர்கிட்ட கேட்டா மூணு பதில் வரும். நான் வெச்சுக்கிட்ட கணக்கு இது தான்: ஏற்கெனவே ஒருத்தர் கட்டி வெச்ச தியரியை எடுத்து அது வழியா பாத்தா அது தியரிட்டிக்கல். அந்தத் தியரி, படிச்ச ஆய்வுகள், நமக்கு முன்னாடியே தெரிஞ்சது, களத்துல காதுல விழுந்தது எல்லாத்தையும் சேத்து நம்ம ஆய்வுக்குன்னு நாமளே கோத்தா அது கான்செப்சுவல். குவாலிட்டேட்டிவ் ஆய்வு முறை பத்தி எழுதின ஜோசஃப் மேக்ஸ்வெல் இதைத்தான் அழுத்திச் சொல்றார், ஃபிரேம்வொர்க் எங்கயோ ரெடியா கிடக்கிறது இல்ல, கட்டணும்னு. கட்டறதுக்கு நாலு இடத்துல இருந்து சாமான் எடுக்கலாம்னும் சொல்றார்: சொந்த அனுபவம், இருக்கிற தியரியும் ஆய்வுகளும், பைலட் (முன்னோட்டமா சின்னதா களத்துக்குப் போய் பாக்கறது), அப்புறம் "இப்படி இருந்தா என்ன ஆகும்"னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாக்கறது. எனக்கு இது வேலை செய்யற லிஸ்ட்டா பட்டுச்சு, நாலையும் வரிசையா எடுத்துக்கிட்டேன்.

சாமான்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. பழைய மாதக் காலண்டர் தாள் (பின்பக்கம் வெள்ளையா பெருசா இருக்கும், சார்ட் வாங்க வேணாம்), பென்சில், நல்ல ரப்பர், கலர் கலரா ஒட்டற சீட்டு. லேப்டாப்பைத் தொடாதீங்க. பவர்பாயிண்ட்ல போட்ட உடனே பெட்டியெல்லாம் நேரா அழகா நின்னுடும், அப்புறம் அதை அழிக்க மனசு வராது.

சொந்த அனுபவத்துல இருந்து ஆரம்பிச்சேன். நான் திருப்பாப்புலியூர்ல வளந்தவ, மீனவக் குடும்பம் கிடையாது, துறைமுகம் பக்கத்துலயே இருந்தும் உள்ள போனதில்ல. மீன் விக்கிற பெண்களைப் பத்தியும் கடனைப் பத்தியும் நான் என்னெல்லாம் நம்பறேனோ அதை எடிட் பண்ணாம ஒரு தாள்ல கொட்டினேன். கடன்னாலே கஷ்டம். ஏலக்காரர்னா சுரண்டறவரு. குழு லோன் வந்தப்புறம் கந்துவட்டி குறைஞ்சிருக்கும். தடைக்காலத்துல வருமானமே இருக்காது. இப்படி. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னும் எழுதினேன், அது தான் முக்கியம். பாதிக்கு மேல பேப்பர்ல படிச்சது, கொஞ்சம் காலேஜ்ல சொன்னது. கண்ணால பாத்ததுன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு: எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற ஆயா எங்கம்மாகிட்ட "காசு இல்லன்னா இன்னா, நாளைக்குக் குடு"ன்னு கவலை மீனைத் தட்டுல போட்டுட்டுப் போவும். அதாவது கடன் வாங்கறதும் அவங்க, கடன் குடுக்கறதும் அவங்க. அதுவரைக்கும் நான் படிச்ச ஆய்வுப் பேப்பர் எதுலயும் மீன்காரம்மா கடன் குடுக்கறவங்களா வரல. இந்த வரியைச் சிவப்பு சீட்டுல எழுதி ஓரமா ஒட்டி வெச்சேன்.

அடுத்தது லிட்ரேச்சர். எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் செய்யறது என்னன்னா, ஆசிரியர் பேரு, வருஷம், கண்டுபிடிப்புன்னு டேபிள் போடறது. ரிவ்யூ சாப்டருக்கு அது சரி, ஃபிரேம்வொர்க்குக்கு உதவாது. நான் ஒரு சீட்டுல ஒரே ஒரு கிளெய்ம் மட்டும் எழுதினேன், "எது எதோட சேர்ந்து என்ன ஆகுது"ங்கற மாதிரி ஒரு வாக்கியம், பேரு பின்பக்கம். அப்புறம் சீட்டுங்களைத் தரையில பரப்பி, ஒண்ணையொண்ணு ஆமோதிக்கிறது ஒரு பக்கம், சண்டை போடறது ஒரு பக்கம்னு தள்ளினேன். ஃபிரேம்வொர்க்குக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தச் சண்டை பக்கத்துல தான் இருக்கும், எல்லாரும் ஒத்துக்கிட்டதை மறுபடி போய்க் கேட்டு என்ன ஆகப்போகுது.

வாழ்வாதாரம்னு டைட்டில்ல இருந்தாலே எல்லாரும் எடுக்கறது அந்த அஞ்சு மூலதனப் படம். சேம்பர்ஸும் கான்வேயும் 1992ல எழுதினதுல இருந்து வளந்து, 1999ல பிரிட்டிஷ் அரசோட சர்வதேச வளர்ச்சித் துறை (டிஎஃப்ஐடி) ஐங்கோணமா போட்டு உலகம் பூரா பரவினது: மனித, இயற்கை, நிதி, சமூக, பௌதிக மூலதனம். நானும் அதை எடுத்துத் தாள்ல போட்டு, என் சீட்டுங்களை அந்தந்தக் கட்டத்துல ஒட்ட ஆரம்பிச்சேன். ஒட்ட ஒட்ட சமூக மூலதனம் மட்டும் உப்பிக்கிட்டே போச்சு. ஏலக்காரர், மகளிர் குழு, அக்கா தங்கச்சி, தண்டல்காரர், ஊர்ப் பஞ்சாயத்து, கூட பங்கு போட்டு மீன் எடுக்கிற பெண்கள் எல்லாம் அங்க தான். மத்த நாலும் காலி. கைடு மேடம் வந்து பாத்துட்டு கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, ஏலக்காரரும் கூடப்பொறந்தவளும் ஒரே பெட்டியிலயா?" அதுக்கப்புறம் ஐங்கோணத்தை எடுத்துட்டேன். தப்பான படம்னு சொல்ல வரல, ஒரு குடும்பத்துக்கிட்ட என்னென்ன இருக்குன்னு பாக்க நல்ல படம் தான். எனக்கு வேண்டியது யாருக்கும் யாருக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கறது.

பெண்களுக்கு அதிகாரம் கிடைக்கறதை எப்படி அளக்கறதுன்னு நைலா கபீர் எழுதின 1999 கட்டுரையில இருந்து மூணு சொல் எடுத்தேன்: வளம், முடிவெடுக்கிற திறன், கிடைச்ச பலன். அதுலயும் எனக்கு உதவினது நடுவுல இருக்கிறது மட்டும் தான், அதுவும் ஒரு கேள்வியா: இந்தப் பெண்ணுக்கு வேற வழி இருந்துச்சா, இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்தாங்களா? முழு தியரியையும் தூக்கி வெக்கணும்னு கட்டாயம் இல்ல, எதை எடுத்தேன் எதை விட்டேன் ஏன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். கமிட்டியில யாராவது "கபீரோட மிச்சம் எங்க"ன்னு கேப்பாங்க, அதுக்குப் பதில் ரெடியா வெச்சுக்கணும், அவ்ளோ தான்.

இந்த எடத்துல ஹாஸ்டல் சீனியர் அண்ணா ஒருத்தர் வந்து, குவாலிட்டேட்டிவ்ல ஃபிரேம்வொர்க்கே தேவையில்ல, சமூகவியல்காரங்க கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967லயே சொல்லிட்டாங்க, டேட்டாவுல இருந்து தியரி தானா மேல வரும், நீ முன்னாடியே கட்டம் கட்டிட்டுப் போனா கட்டத்துக்குள்ள இருக்கறது தான் கண்ணுக்குத் தெரியும்னு ஒரு பிடி பிடிச்சார். அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ஆனா கட்டம் கட்டாம போனா மட்டும் மனசுல கட்டம் இல்லாம போயிடுமா, மேல சொன்ன என் தாள்ல அத்தனை நம்பிக்கை இருந்துச்சே, அதெல்லாம் கட்டம் தானே, எழுதாத கட்டம். எனக்கு வழி காட்டினது சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர் 1954ல சொன்ன ஒரு வித்தியாசம். சில கருத்துங்க "இதைப் பாரு"ன்னு சொல்லும், சிலது "அந்தப் பக்கம் பாரு"ன்னு திசை மட்டும் காட்டும். ரெண்டாவது வகையைத் தான் ஃபிரேம்வொர்க்ல வெக்கணும்னு முடிவு பண்ணேன். "கடன் சுமை"னு எழுதியிருந்ததை அடிச்சிட்டு "கடன் உறவு"னு மாத்தினேன். சுமைன்னு எழுதினா பதிலை நானே சொல்லிட்டுப் போற மாதிரி, உறவுன்னா போய்த்தான் பாக்கணும்.

அடுத்து அம்புக்குறி. இதுக்குத் தான் அதிக நேரம் போச்சு, இதுல தான் படமே மாறுச்சு. பெட்டி யார் வேணாலும் போடலாம், எந்த பேப்பரைத் தொறந்தாலும் பத்துப் பெட்டி கிடைக்கும். ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு கோடு இழுத்தா அது என்ன சொல்லுதுன்னு கேட்டா தான் முழிப்போம். "பாதிக்கிறது"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், எல்லாமே எல்லாத்தையும் பாதிக்கத்தான் செய்யுது. அதனால ஒரு ரூல் வெச்சேன். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதணும், அதுல பாதிப்பு, தாக்கம், தொடர்பு இந்த மூணு சொல்லும் வரக்கூடாது, அந்த வாக்கியத்தைத் துறைமுகத்துல ஒரு அம்மாகிட்ட சாதாரணமா சொன்னா அவங்க "ஆமா"ன்னோ "இல்ல"ன்னோ சொல்ல முடியணும். யாருமே இல்லன்னு சொல்ல முடியாத வாக்கியமா இருந்தா அந்த அம்பை அழிச்சிடணும். இந்த ரூல்லயே பாதி அம்பு போயிடுச்சு.

மிச்சம் இருந்ததுல ஒண்ணு: "பேங்க் கடன் கிடைக்காததால ஏலக்காரர்கிட்ட கடன்படறாங்க." படத்தோட முதுகெலும்பே இது தான்னு நெனச்சிருந்தேன். பைலட்டுக்குப் போனேன். விடியறதுக்கு முன்னாடியே போயிடணும், ஏலம் நடக்கும்போது யாரும் நம்மகிட்ட பேச மாட்டாங்க, குறுக்கே நின்னா திட்டு தான் விழும். ஓரமா நின்னு பாத்தேன். பாக்ஸ் வந்து எறங்குது, விலை ஏறுது, நாலஞ்சு பேர் கண்ணாலயே பேசிக்கிட்டு ஒரு பாக்ஸை எடுத்து உடனே தரையில கொட்டிப் பங்கு பிரிக்கிறாங்க, சங்கரா மீனும் காரப்பொடி மீனும் கலந்து கிடக்கு, ஒருத்தரும் காசு எடுக்கல. ஏலக்காரர் கக்கத்துல இருந்து நீளமான நோட்டை எடுத்து ஒரு பேரு, ஒரு நம்பர், அவ்ளோ தான். மீன் வித்துட்டு வந்து காசு. படகுக்காரருக்கு அவர் தான் பொறுப்பு. கூட்டம் கலைஞ்சப்புறம் ஐஸ் உடைச்சுக்கிட்டிருந்த ஒரு அக்காகிட்ட என் வாக்கியத்தைச் சொன்னேன். அவங்க நிமிந்து கூட பாக்கல. "இன்னாம்மா நீ, பேங்க்ல குடுத்தா மட்டும் இவரு வேணாமா? பேங்க்காரன் மீன் குடுப்பானா?"

அம்பே திரும்பிடுச்சு. பணம் இல்லாததால வர்ற கடன்னு நான் போட்டிருந்தேன், அங்க அந்தக் கடன் தான் ஏலத்துக்குள்ள நிக்கறதுக்கே பாஸ். பாக்கி வெச்சிருக்கிற வரைக்கும் அவங்க அந்த நோட்டுல இருக்காங்க, நோட்டுல பேரு இருக்கிற வரைக்கும் மீன் கிடைக்கும். முழுசா அடைச்சிட்டா நல்லதா கெட்டதான்னு நானே யோசிக்க வேண்டியதாப் போச்சு. அப்போ தான் ஓரமா ஒட்டி வெச்ச சிவப்பு சீட்டு ஞாபகம் வந்துச்சு, தெருவுல அவங்க குடுக்கிற கடனும் அதே வேலை தான் செய்யுது, பாக்கி இருக்கிற வீடு வேற ஆள்கிட்ட மீன் வாங்காது. மேல ஒரு கடன், கீழ ஒரு கடன், நடுவுல அந்தப் பெண். படத்தோட நடுப்பகுதி இது தான்னு அங்கயே டீக்கடை பெஞ்சுல உக்காந்து நோட்டுல வரைஞ்சேன்.

அப்புறம் தான் உறைச்சுது, தடைக்காலம்னு டைட்டில்ல இருக்கு, படத்துல நேரமே இல்ல. கிழக்குக் கடற்கரையில தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். விசைப்படகு தான் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு, ஃபைபர் படகு கிட்டக்கப் போய் வரும், அதனால மீனே இல்லன்னு கிடையாது, கொஞ்சமா வரும், விலை எகிறும். கேரளா பக்கத்துல இருந்து ஐஸ் மீன் லாரியில வரும், ஜூன் வந்தா அந்தப் பக்கமும் தடை ஆரம்பிச்சிடும். சில பேர் கருவாட்டுக்கு மாறிடுவாங்க. இதையெல்லாம் ஒரே பெட்டியில "தடைக்காலம்"னு எழுதி வெச்சா ஒண்ணும் தெரியாது. தேதி போட்டு ஒரு பட்டை வரைஞ்சேன், ஆனா பேசும்போது யாரும் ஏப்ரல் ஜூன்னு சொல்லல. சித்திரை பொறந்த மறுநாளே தடை, வைகாசி முடியவும் தடை முடியும், அவங்களுக்கு அது சித்திரை வைகாசி ரெண்டு மாசம், முடிஞ்ச கையோட ஸ்கூல் தொறக்கறது வேற. அதனால படத்தோட அடியில மாசியில இருந்து ஆடி வரைக்கும் பட்டை போட்டு, ஒவ்வொரு கடன் உறவும் அதுல எப்போ நிக்குது, எப்போ ஓடுதுன்னு கோடு இழுத்தேன்.

இழுத்துப் பாத்தா தான் தெரியுது. ஏலக்காரர் பாக்கி சித்திரையில நின்னுடுது, மீன் இல்லன்னா கேக்க மாட்டார், அவருக்கும் ஆனியில இந்த அம்மா வேணுமே. தண்டலும் வாரக் குழு லோனும் நிக்காது, மீன் வந்தாலும் வராட்டியும் ஆள் வாசல்ல நிப்பான். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கு, மாசாமாசம் கட்டி 1500 ரூபா சேத்தா அரசு 3000 போட்டு 4500ஆ திரும்பி வரும், அது எந்த மாசம் கைக்கு வருது, வந்ததும் எந்தக் கோட்டுக்குப் போவுதுங்கறதும் இப்போ கேக்கக்கூடிய கேள்வி ஆயிடுச்சு. ஆக என் படத்துல "கடன்"ங்கற ஒரே பெட்டி உடைஞ்சு, காத்திருக்கிற கடன், காத்திருக்காத கடன்னு ரெண்டாச்சு. இந்தப் பிரிவு நான் படிச்ச எதுலயும் இல்ல, அந்தப் பட்டை போட்டதால வந்தது. என்னைக் கேட்டா என் ஃபிரேம்வொர்க்ல உருப்படியா இருக்கறது இது ஒண்ணு தான்.

நாலாவது சாமான், மனசுல ஓட்டிப் பாக்கறது. சும்மா விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா செய்ங்க. நாளைக்கே ஏலக்காரரை எடுத்துட்டு ஆன்லைன் ஏலம், கையில காசுன்னு வந்தா என் படத்துல எது விழும்? கீழ இருக்கிற தெருக்கடனும் சேர்ந்து விழுமா, தனியா நிக்குமா? எனக்கு பதில் தெரியல, அப்படின்னா மேல்கடனுக்கும் கீழ்கடனுக்கும் நடுவுல நான் போட்ட அம்பு வெறும் ஊகம். அதனால கோட்டுலயே வித்தியாசம் வெச்சேன்: களத்துல கேட்டது அழுத்தமான கோடு, புத்தகத்துல மட்டும் இருக்கிறது மெல்லிசு, ஊகம் புள்ளிக்கோடு. கமிட்டிக்கு இது ரொம்ப பிடிச்சிருந்துச்சு, எதுக்கு ஃபீல்டுக்குப் போறேங்கறது ஒரே பார்வையில தெரியுதே.

எதை வெளிய வெக்கறதுங்கறது தனி ரோதனை. கடலூர் கடலோரத்துல எதைத் தொட்டாலும் நாலு கதை வரும். 2004 சுனாமி, 2011 தானே புயல், சிப்காட் தொழிற்பேட்டை, உப்பனாறு. எல்லாத்தையும் விட சுருக்குமடி வலை, மீன் கூட்டத்தையே வளைச்சுச் சுருக்கிப் பிடிக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கம் யாரைப் பேச வெச்சாலும் பேச்சு அங்க தான் போய் நிக்கும், 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால வாரத்துல ரெண்டு நாள்னு கட்டுப்பாட்டோட இடைக்கால அனுமதி குடுத்ததுல இருந்து அது ஓயாத பேச்சு. மீன் வரத்தை அது மாத்துது, உண்மை தான். ஆனா அதை உள்ள விட்டா ஆய்வே வலையைப் பத்தினதா மாறிடும். பெரிய வட்டம் போட்டு வெளியில எழுதினேன், இது சூழல், இதை நான் விளக்கப் போறதில்ல, இன்டர்வியூல வந்தா பதிவு பண்ணிக்குவேன்னு ஒரு வரி. வெளிய வெச்சதுக்குக் காரணம் எழுதி வெக்கறது ரொம்ப முக்கியம், வைவாவுல (கடைசி வாய்மொழித் தேர்வுல) இதைத்தான் நோண்டுவாங்க.

கடைசி டெஸ்ட்டு இன்டர்வியூ கைடு. ஒவ்வொரு அம்புக்கும் எதிர்ல ஒரு கேள்வி எழுதினேன், அம்பு இல்லாத கேள்வியை வெட்டினேன், கேள்வி வராத அம்பை மறுபடி பாத்தேன். ஃபிரேம்வொர்க்குல இருக்கிற சொல் எதுவும் கேள்வியில வரக்கூடாது. "தடைக்காலத்துல எப்படிக்கா சமாளிக்கிறீங்க"ன்னு கேட்டா "என்னத்த பண்றது, ஓடுது"ன்னு தான் வரும், யாரைக் கேட்டாலும். அதையே "போன பங்குனியில கடைசியா மீன் எடுத்த அன்னைக்கு யாருக்கெல்லாம் பாக்கி இருந்துச்சுக்கா, உங்களுக்கு எந்தெந்த வீட்டுல வரணும்?"னு கேட்டா விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சிடுவாங்க, தெருப்பேரு, வீட்டுப்பேரோட. நான் எழுதறதை நிறுத்திட்டு அவங்களையே ஒரு தாள்ல கோடு போடச் சொன்னேன் ஒரு தடவை, பெரிய பாக்கிக்குப் பெரிய மீன், சின்னதுக்கு நெத்திலின்னு வரைஞ்சு குடுத்தாங்க, அதை அப்படியே அனெக்சர்ல சேக்கப் போறேன்.

ஒவ்வொரு வெர்ஷனையும் போட்டோ எடுத்து தேதியோட வெச்சிருக்கேன், கூடவே எதை மாத்தினேன், எதனாலன்னு ரெண்டு வரி. லிங்கனும் குபாவும் 1985ல ஆடிட் டிரெயில்னு சொன்னது இந்த மாதிரி தடத்தைத் தான், மெத்தடாலஜி சாப்டர் எழுதும்போது பாதி வேலை இதுலயே முடிஞ்சிடும். டிசி மீட்டிங்ல ஒரு மெம்பர் "ஹைப்பாதெசிஸ் எங்க, இன்டிபென்டன்ட் வேரியபிள் எது"ன்னு கேட்டார், கேக்காம இருந்தா தான் அதிசயம். அம்பு வாக்கியங்களைப் படிச்சுக் காட்டி, இதெல்லாம் நான் நிரூபிக்கப் போறதில்ல சார், எந்தப் பக்கம் பாக்கணும்னு காட்டுது, எது உடையுதோ அதைத் தான் எழுதப் போறேன்னு சொன்னேன். முழுசா ஒத்துக்கிட்டாரான்னு தெரியல, கையெழுத்து போட்டுட்டார்.

இப்போ நிலவரம் என்னன்னா, படம் லேப்டாப்புக்குப் போயிடுச்சு, இன்டர்வியூ ஓடிக்கிட்டிருக்கு. கோடிங் (பேட்டியில ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் குடுத்துப் பிரிக்கிறது) பண்ணும்போது ஃபிரேம்வொர்க்ல இருந்து வந்த பேர் ஒரு கலர், பேச்சுல இருந்து புதுசா வந்தது வேற கலர், எதுலயும் சேராதது "வேற"ன்னு ஒரு ஃபோல்டர். அந்த "வேற" ஃபோல்டர்ல இப்போ குவியறது முழுக்க நகைக் கதை, யாரோட நகையை யார் அடகு வெக்கிறாங்கன்னு, மருமக நகை, அக்கா நகை, ஒரு வீட்டுல பேத்தியோட கொலுசு. படத்துல அதுக்கு எடமே இல்ல, அடுத்த வெர்ஷன்ல உள்ள கொண்டு வரணும். ஏலக்காரங்ககிட்ட நான் இன்னும் பேசவே இல்ல, இப்போதைக்கு அந்த அம்பு ஒரு பக்கம் மட்டும் தான் அழுத்தமா இருக்கு, இன்னொரு முனை புள்ளிக்கோடு. ஒருத்தர் நோட்டைக் காட்டறேன்னு சொல்லியிருக்கார், பேரை மறைச்சிட்டு. ஆனியில படகு எறங்கினப்புறம் வரச் சொன்னார்.